கோச்சின் வலது கை

ஆட்டம் தொடங்கும் மணி அடித்து முடிப்பதற்குள் கெர்ரிட் வான்டெர்லானின் வலது கை நீண்டுவிடும். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் என்பதால், குனிந்துதான் நீட்டுவார். அப்படிக் குனிந்து நீட்டும்போது, அந்தக் கை மிகச் சரியாக, ரோபோவை ஓட்டும் டேலியாவின் கண்களுக்கு நேரே வந்து நிற்கும்.

"அங்க பாரு! அங்க, அங்க! அட, அங்கங்கிறேன்ல!"

டேலியாவுக்கு அங்கே தெரிவது ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர் கை. முழங்கை பக்கம் கடுகு சாஸ் கறை. போன வார ஹாட் டாக்கின் கறை.

கெர்ரிட் எங்கள் பள்ளி ரோபோ குழுவின் கோச். நான் அதே குழுவுக்குப் பம்பர் உறை தைப்பவள். ரோபோ எதிலாவது மோதித் துணியைக் கிழித்துக்கொண்டு வரும்போதெல்லாம் ஊசியும் கையுமாக உட்காருவது நான்தான், ஆகவே இந்த மனிதரைப் பற்றி இனிப்பாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பந்தயம் நடப்பது பள்ளிகளின் கூடைப்பந்து அரங்கில். ஓட்டும் பிள்ளைகள் ஒரு கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றபடி களத்தில் ஓடும் ரோபோவை இயக்கி, பந்துகளைக் கூடையில் போட வைக்க வேண்டும். கோச் அவர்களுக்குப் பின்னால் நின்று வழி சொல்லலாம், ஆனால் கன்ட்ரோலரைத் தொடக்கூடாது. விதி அவ்வளவுதான். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டதால், மிச்சமிருக்கும் காற்று முழுவதும் தனக்கென்று எழுதி வைத்திருப்பதாக கெர்ரிட் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கை ஒரு காலத்தில் மரியாதையாக வாழ்ந்த கைதான். ஓய்வு பெறும்வரை ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் மேடையில் வேலை பார்த்தவர். பனியில் பின்னோக்கி வரும் லாரிகளுக்குக் கை காட்டி, சுவரில் கீறல் விழாமல் நிறுத்த வைப்பார். "என் கையை மட்டும் பாத்து வாங்கடான்னு சொல்வேன். மிச்சிகன்ல எந்த டிரைவரும் என் மேடையில இடிச்சதில்ல" என்பார். உண்மைதான். ஆனால் அந்த டிரைவர்களுக்குப் பக்கக் கண்ணாடி இருந்தது, அதில் தூரத்தில் இவர் சின்னதாகத் தெரிந்தார். அவர்கள் மூக்குக்கு முன்னால் யாரும் கையை நீட்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஓட்டுபவர்களுக்குக் களம் சரியாகத் தெரிவதில்லை என்று எங்கள் வட்டாரத்தில் மிக அதிகமாகக் கூப்பாடு போடுபவரே இவர்தான். இந்த வருட ஆட்டத்தில் களத்தின் நடுவே ஒரு பெரிய தூண் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் பந்து கிடக்கிறதா, ரோபோ கிடக்கிறதா என்று மறுகோடியிலிருந்து தெரியாது. அந்தத் தூணைத் திட்டி அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினார். கண்ணாடித் தடுப்பில் கீறல் என்றார். விளம்பரதாரரின் ஒட்டுத்தாள் மறைக்கிறது என்றார். கூரை விளக்கு கூசுகிறது என்றார். ஓரமாக நின்ற நடுவர் ஒருவரிடம் போய், "ஐயா, நீங்க கொஞ்சம் இளைச்சா எங்க பிள்ளைங்களுக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லி, எங்கள் குழுவுக்கு ஒரு எச்சரிக்கை வாங்கிக் கொடுத்த புண்ணியவான்.

எல்லாவற்றையும் திட்டி முடித்த பிறகு, மிச்சமிருந்தது டேலியாவின் உயரம். அவள் நிற்க ஒரு மரப்பெட்டி செய்துகொண்டு வந்தார். ஏறி நிற்க எதையும் கொண்டுவரக் கூடாது என்று சோதனை செய்பவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அப்படியென்றால் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொள் என்றார். "எங்கம்மாவோட ரெண்டாவது கல்யாணத்துக்கே நான் அதப் போடல" என்றாள் டேலியா. பன்னிரண்டாம் வகுப்பு. இதுதான் அவளுக்குக் கடைசிப் பருவம். பெரிய பேச்சுக்காரி இல்லை, ஆனால் பேசினால் தைக்கும்.

இந்த மார்ச்சில், மாநிலப் போட்டிக்குப் போவதற்கான கடைசித் தகுதிச் சுற்று. காலை ஆட்டத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தூணுக்கு இடப்பக்கம் ஒரு பந்து உருண்டது. கெர்ரிட் பார்த்துவிட்டார். கை நீண்டது. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டேலியா தலையை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள், கையும் கூடவே போயிற்று. அடுத்த நொடி ரோபோ நேராகப் போய்த் தூணில் மோதியது. பம்பர் உறை ஒரு முழத்துக்குக் கிழிந்தது. ஆட்டமும் போயிற்று.

ரோபோவைப் பழுதுபார்க்கும் எங்கள் கொட்டகைக்குத் திரும்பியதும் கெர்ரிட் தீர்ப்பு சொன்னார்.

"பாப்பா மேல எனக்குக் கோபமில்ல. அவளுக்குத் தெரியல, அவ்வளவுதான். மத்தியானம் வெஸ் ஓட்டட்டும். வெஸ் உயரம்."

வெஸ் டேலியாவுக்குப் பக்கத்தில் நின்று ரோபோவின் கொக்கியை இயக்கும் பையன். நாச்சோ சிப்ஸைப் பாதி வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டான். டேலியாவின் முகம் வெளுத்துப் போனது. நான்கு வருடம் அந்தக் கன்ட்ரோலருக்காகவே சனிக்கிழமைகளை எல்லாம் கொடுத்தவள். மத்தியான ஆட்டத்தில் தோற்றால் பருவம் முடிந்தது. ஜெயித்தால் மாநிலப் போட்டி. இரண்டில் எது நடந்தாலும் அவள் ஓரமாக நின்று கை தட்ட வேண்டும் என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோச், எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றாள் டேலியா. "பந்துதான் தெரியல. உங்க கைதான் தெரிஞ்சுது."

"அதுக்குத்தானே நீட்டுறேன்!"

"கோச், உங்க கை மறைக்குது!"

கெர்ரிட் சிரித்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. வெஸ் நாச்சோவை விழுங்கிவிட்டு, "நான் ஓட்ட மாட்டேன், கோச். எனக்கும் அதே கைதான். அவளுக்கு முழங்கை தெரியுது, எனக்குத் தோள் தெரியும்" என்றான்.

"முப்பது வருஷம் இந்தக் கையாலதான்டா..." என்று ஆரம்பித்தார் கெர்ரிட்.

"லாரிக்காரங்க மூக்குக்கு முன்னாலயா கையை நீட்டுனீங்க?" என்று கேட்டேன். எனக்குப் பேச உரிமை உண்டு. மடியில் கிழிந்த உறை கிடந்தது.

கடைசியில் பஞ்சாயத்து முடிந்தது இப்படி: டேலியாவே ஓட்டுவாள், கோச் இரண்டு கைகளையும் ஸ்வெட்டர் பைக்குள் வைத்திருப்பார். நான் ஊசி நூலைக் காட்டி, "வேணும்னா பையோட வாயைத் தச்சுடட்டுமா?" என்றேன். கெர்ரிட் கைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டார். இன்னொரு தடவை இடித்தால் பழி தன்மேல் இல்லை என்று மட்டும் மூன்று பேரிடம் சொல்லி வைத்தார்.

மத்தியான ஆட்டம் தொடங்கியது. கைகள் பைக்குள் இருந்தன. ஆனால் பைக்குள் ஒரு பூனைக்குட்டியை அடைத்து வைத்தது மாதிரி அவை துடித்துக்கொண்டே இருந்தன. கை போனால் என்ன, முகவாய்க்கட்டை இருக்கிறதே! அதை நீட்டிக் காட்டினார். முழங்காலால் காட்டினார். "வலது! வலது! உன் வலது இல்ல, என் வலது!" என்று கத்தினார். இருவரும் ஒரே திசையைப் பார்த்துத்தான் நிற்கிறார்கள். டேலியா எதையும் காதில் வாங்காமல் ஓட்டினாள். பந்துகள் கூடைக்குள் விழுந்தன. எதிரணியும் சளைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் இரு பக்கமும் கிட்டத்தட்ட சமம்.

இனி ஒரே வழி. தூணுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கம்பியில் ரோபோ கொக்கியை மாட்டித் தொங்க வேண்டும், அதற்குக் கூடுதல் புள்ளி உண்டு. தூணுக்கும், ஓரமாக நின்றுபோன வேறொரு ரோபோவுக்கும் நடுவே ஒரு கையகல இடைவெளியில்தான் அந்தக் கம்பி தெரியும். டேலியா ரோபோவை அங்கே கொண்டு போனாள்.

கெர்ரிட்டின் வலது கை பையிலிருந்து வெளியே வந்தது.

"ஐயோ பாவி, வேண்டாம்!" என்று நான் கத்தியே விட்டேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? கை மேலே எழுந்தது. டேலியாவின் தோளைத் தாண்டியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு திரும்பி, அவருடைய முகத்துக்கே போய்க் கண்களை மூடிக்கொண்டது. இடது கையும் வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. குழுவுக்கே வழி காட்ட நிறுத்தப்பட்ட மனிதர், தாங்க முடியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்.

டேலியா வலப்பக்கம் ஒரு எட்டு நகர்ந்தாள். வழக்கமாகக் கை நீண்டு நிற்கும் அந்த இடத்தில் இப்போது எதுவும் இல்லை. குனிந்து, அந்த இடைவெளி வழியாகப் பார்த்து, ரோபோவை ஒரு விரல் அளவு பின்னுக்கு இழுத்து, முன்னே தள்ளினாள். "இப்ப!" என்றாள். வெஸ் கொக்கியைத் தூக்கினான். மாட்டியது. ரோபோ தரையை விட்டு எழும்பவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அரங்கமே எழுந்து ஆடியது. வெஸ் டேலியாவைத் தூக்கிச் சுற்றினான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கப் போவதில்லை.

"என்னாச்சு? இடிச்சிட்டாளா?" கண்ணைப் பொத்தியபடியே கெர்ரிட் கேட்டார். "யாராவது சொல்லித் தொலைங்கடா!"

"ஜெயிச்சாச்சு, கோச். கையை எடுங்க" என்றான் வெஸ்.

அவர் எடுக்கவில்லை. நம்பிக்கை வரவில்லையோ, தைரியம் வரவில்லையோ. டேலியா அருகே போய், எக்கி, அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். கை இறங்கியது. எதிரே ஸ்கோர் பலகை பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. கெர்ரிட் அதைப் பார்க்கவில்லை. தன் வலது கையை முகத்துக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.