கைராசிக்காரி

ஆபரேஷன் தியேட்டரின் பச்சை உடை எனக்குத்தான் எடுப்பாக இருக்கும் என்று நர்சிங் படிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வார்டு வேலை எல்லோரும் செய்வது. பெட்ஷீட் மாற்று, காய்ச்சல் பார், நோயாளியின் சொந்தக்காரர்களிடம் திட்டு வாங்கு. தியேட்டர் அப்படியில்லை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், வெளியே நிற்கிறவர்கள் கும்பிடாத குறையாக வழி விடுவார்கள். டாக்டர் கை நீட்டினால் கேட்பதற்கு முன்பே கத்தியை எடுத்து வைக்கிற ஆள் நான்தான் என்று மனதுக்குள் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். அம்மா எனக்கும் மேலே. எனக்கு வேலை கிடைப்பதற்கு முன்பே, தேயிலைக் கொழுந்து பறிக்கிற இடத்தில், "எம் மக தியேட்டர் சிஸ்டரு" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நானும் என் தோழியும் ஒன்றாகச் சேர்ந்தோம். அவள் அருவங்காட்டுக்காரி. அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, வீடு குவார்ட்டர்ஸில். படிக்கும்போதே ஹாஸ்டலில் என் அறையில்தான் இருந்தாள். நான் வாயைத் திறந்தால் மூடமாட்டேன், அவள் திறக்கவே மாட்டாள். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

எந்தப் பிரிவு வேண்டும் என்று மேட்ரன் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது நான் தியேட்டர் என்று பட்டென்று சொன்னேன். அவள், "எங்க போட்டாலும் சரிங்க மேடம்" என்றாள். தியேட்டரில் ஓர் இடம்தான் காலி. இருவரையும் மாற்றி மாற்றி உள்ளே விட்டுப் பார்ப்பதாகவும், சரிப்பட்டு வருகிற ஆளை வைத்துக்கொள்வதாகவும் மேட்ரன் சொன்னார். ஆசையே இல்லாதவளைப் போட்டிக்கு இழுத்து விட்டாரே என்று அப்போதே எனக்குக் கடுப்பு.

தியேட்டரில் கை கழுவுவதே ஒரு பூஜை மாதிரி. விரலிடுக்கு விடாமல் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி, உறை மாட்டி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் சுத்தம் செய்து வைத்த கருவிகளைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. மூக்கு அரித்தாலும் அரித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அன்று எனக்கு முறை. எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு சிசேரியன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்திருந்தார்கள், ஆனால் விழித்துத்தான் இருந்தாள். குளிரிலும் பயத்திலும் பல் கிடுகிடுவென்று அடித்தது. முகத்துக்கு முன்னால் தொங்கிய துணியைத் தாண்டி என்னைப் பார்த்து, "அக்கா, பயமா இருக்குக்கா. கையப் புடிச்சுக்கங்கக்கா" என்றாள். பக்கவாட்டில் நீட்டிய அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லம்மா, நான் இங்கதான இருக்கேன்" என்றும் சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் தியேட்டரில் எல்லோரும் என் கையையே பார்ப்பது தெரிந்தது. டாக்டர் கத்தவில்லை. "சிஸ்டர், அந்தக் கை இனி எனக்கு உதவாது. போய்க் கழுவிட்டு வாங்க" என்றார்.

நான் கழுவிவிட்டு வருவதற்குள், அடுத்த ஆபரேஷனுக்குக் கை கழுவித் தயாராக இருந்த என் தோழியை என் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. டாக்டர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினார், அவர் கேட்பதற்கு முன்பே அவள் கருவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். நான் ஒத்திகை பார்த்தது அப்படியே நடந்தது, ஆள்தான் வேறு. ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றேன். அடிவயிற்றில் பற்றிக்கொண்டது.

அவளுக்குத் தியேட்டர் கிடைத்தது. எனக்கு டயாலிசிஸ். பச்சை உடையில் அவள் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். பார்த்தால் பார்த்தது தெரிந்துவிடும் என்று இன்னொருத்தியின் போனை வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாள், அதுதான் பொறுக்கவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொண்டாலாவது நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவளோ மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை என் தட்டில் வைத்துவிட்டு, "ஏன்டி பேசவே மாட்டேங்கற?" என்பாள். தலைவலி என்பேன். அவள் அதையும் நம்பி மாத்திரை கொண்டு வருவாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அதென்னடி டயாலிசு?" என்றாள். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின், அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை என்றேன். "மெஷின் பாக்குற வேலையா? அதுக்கு எஸ்டேட் ஃபேக்டரிலயே சேந்திருக்கலாமே" என்றாள்.

டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். அரை நாள் நாற்காலியில் சாய்ந்தபடி மெஷினோடு கட்டுண்டு கிடப்பார்கள். பேசுவதற்கு ஆள் கிடைத்தால் எனக்குக் கேட்கவா வேண்டும். மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தவிர யாரையும் ஊசி குத்த விடமாட்டார். அந்த ஊசி கொஞ்சம் தடியானது. முதலில் கையில் விரலை வைத்து ரத்தம் ஓடுகிற அதிர்வைத் தடவிப் பார்க்க வேண்டும். கடையில் வெங்காயம் என்ன விலை என்று கேட்டு, அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குத்திவிடுவேன்.

"ஏனுங்க அம்மணி, உங்களுக்குத்தானுங்க கைராசி. மத்தவிங்க குத்துனா வீங்கிப் போகுதுங்க" என்பார்.

நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர கணக்கில் வைக்கவில்லை. என் நினைப்பெல்லாம் மாடியில் இருந்த தியேட்டரில்தான்.

அடுத்த குளிர்காலத்தில் அவளுடைய கை வெடித்தது. ஓயாமல் கழுவிக் கழுவி, கழுவுகிற மருந்தும் சேராமல், விரல்களில் தோல் பிளந்துவிட்டது. புண்ணுள்ள கையைத் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். சேதி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வருத்தமும் வந்தது, ஆனால் பின்னால்தான் வந்தது. உடனே போய் மேட்ரனிடம் கேட்டேன், தியேட்டர் கிடைத்தது. கை முழுக்க ஆறிய பிறகு அவளை டயாலிசிஸில் போட்டார்கள்.

இந்த முறை யார் கையையும் பிடிக்கவில்லை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் டாக்டருக்குப் பேச்சு பிடிக்காது, நோயாளி மயக்கத்தில் இருப்பார். ஒருவரைத் தள்ளிக்கொண்டு போனதும் அடுத்தவரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பித்தப்பை ஆபரேஷனில் நான் கூட நின்ற ஒரு அம்மாள், மார்க்கெட்டில் என்னை இடித்துவிட்டு யாரோ என்று போனார். முகமூடிக்குள் இருந்த முகத்தை அவருக்கு எப்படித் தெரியும்? இதுதான் பெரிய வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் டீ குடிக்கக் கீழே வந்தபோது டயாலிசிஸ் கதவு திறந்திருந்தது. உள்ளே மளிகைக் கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் அவள்.

"வாங்க அம்மணி" என்று என்னைக் கூப்பிட்டார். "சும்மா சொல்லக்கூடாதுங்க, இந்த அம்மணிக்கு நல்ல கைராசிங்க. குத்துனதே தெரியலீங்க. நீங்க பேசிட்டே இருப்பீங்களா, நமக்குக் கண்ண மூட முடியாதுங்க. இப்ப நிம்மதியாத் தூங்கறனுங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதில் புகை வந்தது.

தியேட்டருக்காக எரிந்தது எனக்கு இல்லாத ஒன்றுக்காக. இது என்னுடையதை என் கண்முன்னே எடுத்துக்கொண்டது போல இருந்தது. தியேட்டரை அவளே திரும்ப வைத்துக்கொள்ளட்டும். அந்த மனுஷன் கையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று டீ குடிக்காமலே மேட்ரன் அறைக்குப் போனேன்.

"உங்களுக்கு என்னதான் வேணும் சிஸ்டர்?" என்றார் மேட்ரன்.

"டயாலிசிஸ் மேடம்."

"இடம் இருக்கு. ஆனா இப்ப அங்க உங்க ஃபிரண்டுதான் இன்சார்ஜ். அவங்க சொல்றபடிதான் கேக்கணும். பரவாயில்லையா?"

பரவாயில்லாமல் எப்படி இருக்கும்? சரி என்றேன். அன்று போனில் அம்மா, "எஸ்டேட்ல நான் எப்படிடி தல காட்டறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

முதல் நாள் காலையில் டயாலிசிஸில் அவள் என்னிடம், "யாரடி பாத்துக்கற?" என்றாள். நான் மளிகைக் கடைக்காரரைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

அவர் கையை நீட்டினார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அந்த அம்மணி குத்த வரலீங்களா?" என்றார். இவருக்குத் தூங்கத்தானே வேண்டும், தூங்கட்டும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அதிர்வைத் தடவிப் பார்த்து, ஊசியைக் குத்தி, டேப் ஒட்டி, மெஷினை ஓடவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

மூடிய கண்களைத் திறந்தார். "ஏனுங்க அம்மணி, உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? வெங்காய வெலையே கேக்கலீங்களே."

அவள் காதில் அது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். விழுந்திருந்தது.