ஐந்தாம் நம்பர்த் தோட்டா

துவக்குச் சூட்டுக்குப் பயந்து ஓடிவந்து துவக்குக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்த மனிதர் உலகத்தில் இன்னாசித்தம்பி ஒருவர்தான் என்று கிளமென்ற் சொல்லாத நாளில்லை. இருவரும் பிரெஞ்சு பேசும் நொஷாட்டல் நகரில் ஒரே அறையில் இருந்தார்கள். கிளமென்ற் உணவகமொன்றில் கோப்பை கழுவினான். அந்தப் பகிடிக்கு இன்னாசித்தம்பி ஒருநாளும் கோபித்ததில்லை. எண்பத்தாறாம் ஆண்டு அது. அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. கையில் ஒரு வேலை இருப்பதே பெரிய காரியம்.

கடை மதாம் பெரேயுடையது. வேட்டைச் சாமான்களும் மீன்பிடிச் சாமான்களும் விற்றார். வேலைக்கு எடுத்த அன்றே அவர் ஒரு கட்டளை போட்டிருந்தார்: தரை கூட்டலாம், பெட்டி அடுக்கலாம், ஆனால் தோட்டாவைப் பற்றி வாடிக்கையாளரிடம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றோடு வேலை சரி.

இன்னாசித்தம்பியோ மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தோரம் வயல் செய்தவர், லைசன்ஸ் துவக்கு வைத்திருந்தவர். மாரியில் குளத்தில் காட்டுத்தாரா என்கிற வாத்துக் கூட்டம் இறங்கினால் வீட்டில் கறிக்குக் குறைவிராது. அவருக்கும் ஒரு கட்டளை இருந்தது. சுட்ட பறவையை எடுக்காமல் வீடு திரும்புவதில்லை. ஒருமுறை ஒற்றைத் தாராவுக்காகக் கழுத்தளவு தண்ணீரில் தாமரைக் கொடிகளுக்குள் அரைநாள் துழாவியிருக்கிறார்.

ஒக்ரோபரில் ஒரு வியாழக்கிழமை, மதாம் உள்ளே தொலைபேசியில் இருந்த நேரம், மிசியே ஜாக்கோ வந்தார். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏரியில் தாரா வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டே மூன்றாம் நம்பர்ப் பெட்டியை எடுத்தார். அதற்குள் இருப்பது பருமனான சன்னம், ஈயக் குண்டுமணிகள். இலக்கம் குறையக் குறையச் சன்னம் பெருக்கும். சன்னம் பெருத்தால் எண்ணிக்கை குறையும். இடைவெளிக்குள்ளால் பறவை தப்பும், அல்லது சிறகு மட்டும் முறிந்து எங்கேயாவது போய் விழும். இன்னாசித்தம்பியால் பொறுக்க முடியவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். பெட்டியை மெல்ல வாங்கித் திரும்ப வைத்துவிட்டு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஊரில் தாராவுக்கு அவர் போட்டது எப்போதும் ஐந்தாம் நம்பர்தான்.

சனிக்கிழமை ஜாக்கோ திரும்பி வந்தார். மூன்று பறவைகளுக்கு வெடி பட்டதாம், ஒன்றாவது சாகவில்லையாம், மூன்றும் நாணலுக்குள் போய் மறைந்துவிட்டனவாம். மூன்றாம் நம்பரோடும் இதே கதைதான், ஆனால் இந்தமுறை சொல்லித் தந்தது உங்கள் ஆள் என்றார்.

மதாம் திரும்பிப் பார்த்தார். விளங்காதவர்போல நின்றிருந்தால் நம்பியிருப்பார்கள். இன்னாசித்தம்பி, "நான்தான் சொன்னேன்" என்றார்.

பிறகு பேனாக்கத்தியை எடுத்து, ஜாக்கோவின் பெட்டியில் மிஞ்சியிருந்த தோட்டாக்களில் ஒன்றின் வாயை அறுத்துச் சன்னத்தை உள்ளங்கையில் கொட்டினார். ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். அவருடைய முகம் கறுத்தது. இது ஐந்து இல்லை என்றார். மதாம் பெட்டியில் இருந்த இலக்கத்தைத் தட்டிக் காட்டினார். இன்னாசித்தம்பி இல்லையென்று தலையாட்டினார். ஊருக்கு வந்த தோட்டாக்களில் இருந்தது இங்கிலாந்துக்காரனின் இலக்கம். இங்கே கணக்கு வேறு, அதே ஐந்துக்குச் சன்னம் பருமன். எட்டு மாதமாகப் பெட்டி அடுக்கியும், கட்டளைக்குப் பயந்து ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை.

அடுத்து ஆறாம் நம்பரை அறுத்தார். உருட்டினார். இதுதான், ஆனால் ஒரு மயிரிழை குறைவு என்றார்.

ஜாக்கோ கோட்டுப் பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். மணிக்கூட்டுக்காரர்களின் நுணுக்க அளவுகோல் அது. ஆறாம் நம்பர் இரண்டே முக்கால் மில்லிமீற்றர். இங்கிலாந்து ஐந்து எவ்வளவு என்று மதாமின் பழைய விலைப்பட்டியலில் தேடினார்கள். இரண்டு தசம் எட்டு. ஜாக்கோ இன்னாசித்தம்பியின் விரல்களை ஒருதரம் பார்த்தார். பிறகு ஆறாம் நம்பரில் ஒரு பெட்டி வாங்கினார்.

"அவர் வேட்டைக்குப் போய் வரட்டும்," என்றார் மதாம். "அதுவரைக்கும் தரையைக் கூட்டுங்கள்."

அன்று கதையைக் கேட்ட கிளமென்ற் தலையில் கை வைத்தான். "விளங்கேல்லை எண்டு நிண்டிருக்கலாமே அண்ணை. எங்களுக்கு வடிவாத் தெரிஞ்ச பிரெஞ்சு அது ஒண்டுதானே."

"மூண்டு தாரா நாணலுக்குள்ளை கிடந்து சாகுது, கிளமென்ற். அவர் சுட்டவர்தான், ஆனா நம்பர் என்ரை."

புதன்கிழமை ஜாக்கோ ஒரு பத்திரிகைப் பொட்டலத்தோடு வந்தார். இன்னாசித்தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: பட்டதெல்லாம் கைக்கு வந்ததா? எல்லாம் வந்தது என்றார் ஜாக்கோ. பொட்டலத்தில் இரண்டு தாரா. ஒன்று மதாமுக்கு, மற்றது இவருக்கு.

மதாம் பழைய கட்டளையைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. தடித்த அட்டையொன்றும் பேனையும் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு நம்பருக்கும் எத்தனை மில்லிமீற்றர், எந்தப் பறவைக்கு ஏற்றது என்று எழுதித் தரச் சொன்னார். பிரெஞ்சு எழுத்துகளை ஜாக்கோ சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொன்றாக எழுதினார் இன்னாசித்தம்பி. அட்டை தோட்டா அலுமாரிக்கு மேலே ஏறியது.

அன்றிரவு தாராக்கறி. இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிளமென்றின் பல்லில் ஏதோ நறுக்கென்று கடிபட்டது. துப்பிப் பார்த்தான், சன்னம்.

"பல்லு போகப் பாத்துது அண்ணை."

இன்னாசித்தம்பி அதை வாங்கித் துடைத்து, இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார்.

"ஆறுதான்," என்றார். "நீ சாப்பிடு."