டீச்சரின் கொப்பியில் சந்தனப் பொட்டு

கொழும்பு எந்தப் பக்கம் என்று தெரியாத வயதிலேயே எனக்கு பக்தாத் தெரியும். எல்லாம் அக்காவின் உபயம். ஓப்பநாயக்கவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து உயர்தர வகுப்புப் படிக்க, டவுனில் இருந்த முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இந்து நாகரிகம் கற்பிக்க ஆள் இல்லாததால் அக்கா இஸ்லாமிய நாகரிகம் எடுத்தாள். என்ன பாடம் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது கேட்டால், "நாகரிகம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா வாயை மூடிக்கொள்வார்.

அக்கா சத்தம் போட்டுத்தான் படிப்பாள். மக்காவில் தோன்றி, மதீனாவில் ஆட்சியாகி, டமஸ்கஸ் போய், பக்தாத்தில் நூலகம் நூலகமாக வளர்ந்த அந்த நாகரிகம் லயத்தின் பத்து வீட்டுக்கும் தினமும் கேட்டது. ஆனாலும் முதல் தவணைப் பரீட்சையில் கோட்டை விட்டாள். அவள் அழுததைப் பார்த்து மனம் இளகிய அந்தப் பாட டீச்சர், தான் கெம்பஸில் படித்தபோது கையால் எழுதிய கொப்பியைக் கொடுத்தார். வேறு பிரதி கிடையாது, பத்திரம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

சரஸ்வதி பூசையன்று அந்தக் கொப்பியை எடுத்து, அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் என் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில் வைத்தவள் நான்தான். அக்கா பாஸாக வேண்டுமே! அம்மா வழக்கம்போல ஒவ்வொரு புத்தகமாக முதல் பக்கத்தைத் திறந்து, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் காலை அக்கா போட்ட கூச்சலில் அடுத்த லயத்து நாய்கள்கூடக் குரைத்தன. பிஸ்மில்லாஹ் என்று அரபியில் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்திலேயே பொட்டு ஊறிப்போயிருந்தது.

"டீச்சர் முகத்துல எப்பிடிம்மா முழிப்பேன்? நான் இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்!"

சொன்னால் செய்துவிடுகிற பிடிவாதக்காரி அவள். அம்மா பயந்துபோனாள். அன்று கொழுந்து பறிக்கப் போகாமல், எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

டீச்சர் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"நான்தாங்க டீச்சர் வெச்சேன்," என்றாள் அம்மா. "எனக்கு எழுத்து தெரியாதுங்க. உச்சியில தனியா எழுதியிருந்திச்சுங்களா, நம்ம பிள்ளையார் சுழி மாதிரி, தொடங்குறப்ப போடுறதுன்னு நெனச்சிட்டேன். புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தால், தோள் குலுங்கச் சிரிக்கிறார்!

"சரியாத்தான் வாசிச்சிருக்கீங்க," என்றார். "நாங்களும் எதையும் தொடங்கக்குள்ள இதத்தான் எழுதுவம்."

கொப்பியை அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பரீட்சை முடியும்வரை அவளே வைத்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் அம்மாவுக்குச் சிரிப்பு. எதிரில் வந்த கங்காணியை நிறுத்திச் சொன்னாள். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் போய்ச் சொன்னாள். "நான் சரியா வாசிச்சிருக்கேனாம்!" எனக்கோ ஒரே கடுப்பு. கொப்பியைப் பூசையில் வைத்தது நான், பெயர் வாங்குவது இவளா? ஏச்சு விழாததற்கு இவ்வளவு ஆட்டம் வேண்டுமா?

ஓர் எழுத்தைப் பார்த்து இது இன்னதுதான் என்று தானே நினைத்து, அது சரி என்று இன்னொருவர் சொல்ல அம்மா கேட்டது வாழ்நாளில் அன்றுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.