கொடுக்கு இருந்த பக்கம்

ஊசிக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்தது கடல் ஆய்வகத்துக் கூட்டாளிகள்தான். கடலில் மிதக்கும் கோபிபாட் என்கிற குட்டிப் பிராணியை நுண்ணோக்கிக்கு அடியில் கிடத்தி, ஊசியால் காலைக் கழற்றி, அது எந்த இனம் என்று சொல்வது அவள் பிழைப்பு. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துப் பங்காளி அது. கடுகுக்கு மேல் தேறாது. அதில் இனத்துக்கு இனம் அச்சு அசலாக ஒரே ஜாடையாக இருக்கும். ஆணின் கடைசி ஜோடிக் காலைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். இரண்டில் ஒன்று நண்டுக் கொடுக்குப்போல் மடங்கியிருக்கும். அது வலமா இடமா, முள் எங்கே என்பதை வைத்துத்தான் பேரே.

தாய் தகப்பன் போனபிறகு அவளை வளர்த்தது அக்கா. அண்ணன்மார் இருவரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒதுங்கிவிட, தன் கல்யாணத்தைக்கூட நினைக்காமல் தங்கையைப் படிக்கவைத்தவள். அக்கா பேரில் இந்த உலகத்தில் ஏதாவது நிற்க வேண்டும் என்று தங்கைக்குத் தீராத ஆசை. அந்த நேரம் பார்த்து, இடப்பக்கம் கொடுக்கு வைத்த ஆண்கள் மூன்று அவள் கையில் சிக்கின. கண்டதே இல்லாத இனம்! அக்கா பேரையே வைத்து எழுதிவிட்டாள். கட்டுரை அச்சுக்கும் போய்விட்டது. அக்காவோ பெரியண்ணி முதல் சொந்தபந்தம் ஒருவர் விடாமல் தம்பட்டம் அடித்தாயிற்று.

"என் பேருள்ள பூச்சியை நான் பார்க்க வேண்டாமா?" என்று அக்கா நச்சரித்ததால் ஆய்வகத்துக்குக் கூட்டிவந்தாள். புதிதாக வந்த புட்டியிலிருந்து கால் கழற்றாத முழு ஆணை எடுத்து, மல்லாக்கப் போட்டு, முதலில் தான் குனிந்து பார்த்தாள்.

பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள்.

"என்னடி, எனக்குக் காட்டுவியா, நீயே முழுங்கிடுவியா?"

"அக்கா... கொஞ்சம் இரு."

அதே உடம்பு, அதே உணர்கொம்பு. கொடுக்கு மட்டும் வலப்பக்கம். அலமாரியிலிருந்து, அந்த மூன்றில் ஒன்றின் காலை ஒட்டிவைத்திருந்த கண்ணாடித் தகட்டை எடுத்து, ஏதோ தோன்றி, தலைகீழாகப் புரட்டி வைத்தாள். கொடுக்கு வலத்துக்கு வந்தது. இல்லவே இல்லை என்று அவள் எழுதியிருந்த முள்ளும் எட்டிப்பார்த்தது. எல்லாக் கடலிலும் கிடைக்கிற பழைய இனம்!

அந்த மூன்றையும் அறுத்த அன்று வெந்நீர் கொட்டி வலக்கையில் கட்டுப் போட்டிருந்தாள். இடக்கைக்கு வாகாக அவற்றைக் குப்புறப் போட்டுக் காலைக் கழற்றினாள். வரையும்போது, எப்போதும்போல் மல்லாந்து கிடந்ததாக நினைத்தே வரைந்துவிட்டாள். உடம்பை விட்டுப் பிரிந்த காலுக்கு முன்னென்ன, பின்னென்ன?

"அக்கா, இது புதுசு இல்லை."

"அப்படின்னா?"

"நான் முதுகுப் பக்கமாப் பார்த்துட்டு, வலதை இடதுன்னு எழுதிட்டேன். இதுக்கு ஏற்கெனவே வேற பேர் இருக்கு."

"அப்போ என் பேரு?"

தங்கை துறைத்தலைவருக்குப் போன் போட்டாள்.

"அச்சுல ஏறப்போகுதேம்மா! யாரு புரட்டிப் பார்க்கப் போறா? வந்தப்புறம் ஒரு திருத்தம் போட்டுக்கலாம்."

"வேண்டாம் சார், நிறுத்துங்க. தப்பான காலுக்கு அக்கா பேர் வேண்டாம்."

போனை வைத்ததும் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அக்கா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். வெகுநேரம் அந்த நுண்ணோக்கிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துக் குனிந்திருந்தாள்.

"சிவப்பா ஒத்தைக் கண்ணு, பக்கத்துக்குப் பக்கம் மீசை. இதையா நீ என் பேர்ல கூப்பிடப் பார்த்தே?"

தங்கை சிரிக்கவில்லை. "பெரியண்ணிக்கு நான் சொல்லிடறேன்கா."

"நீ அழுதுடுவே. கொடு இங்கே." அக்கா போனை வாங்கினாள். மணி அடித்து அந்தப் பக்கம் எடுத்ததும், அக்காவின் குரலும் உடைந்தது.

"அண்ணி... ஒரு கெட்ட சேதி."

"ஐயையோ! யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலை அண்ணி. நான்தான் கடல்ல இல்லையாம்."