ஷேடு அக்காவின் வாசல் கதவு

ஆறு வாரமாக அந்த வாசல் கதவு வெறும் பிரைமரோடு வெள்ளையாக நின்றது. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எல்லா வேலையும் முடிந்தாயிற்று. கலர்தான் பாக்கி. அதைச் சொல்ல வேண்டியவள் ஒருத்தி. சொல்ல வந்தவர்களோ ஒரு படை.

சொல்ல வேண்டியவளுக்கு ஆயத்த ஆடைக் கம்பெனியில் ஷேடு பார்க்கும் வேலை. "ஷேடு அக்கா" என்றால்தான் அங்கே யாருக்கும் தெரியும். துணி லாட் லாட்டாக வரும். ஆர்டர் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சாம்பிள் துண்டு ஒன்று இருக்கும். இரண்டையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒத்துப்போனால் பாஸ். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் ரிஜக்ட். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. அவள் ரிஜக்ட் என்றுவிட்டால் மானேஜர்கூட வாயைத் திறக்கமாட்டார்.

வீட்டில்தான் அவள் பேச்சு காசு பெறாது. கல்யாணமானதிலிருந்து நாலு வாடகை வீடு பார்த்துவிட்டாள். நாலிலும் கதவு அதே செத்துப்போன ப்ரவுன். ஒரு வீட்டுக்காரர், ஒரு காலண்டர் ஆணி அடித்ததற்காக மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதனால்தான் சொந்த வீடு என்று பேச்செடுத்த அன்றைக்கே கறாராகச் சொல்லியிருந்தாள்.

"வீட்டை எப்படி வேணா கட்டிக்கங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வாசக்கதவுக்கு மட்டும் நான்தான் கலர் சொல்லுவேன். அதுல யாரும் மூக்க நுழைக்கக் கூடாது."

"சரி" என்றார் கணவர்.

வினையே அந்தச் 'சரி'யில்தான் இருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷர். நல்லவர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, யார் எதைச் சொன்னாலும் சரி என்பதைத் தவிர. ரெண்டு தெரு தள்ளி இருக்கும் அவருடைய அக்கா, "அடர் ப்ரவுன் அடிடா, அழுக்கு தெரியாது" என்றாள். சரிக்கா. காலேஜ் போகும் மகள், "இப்ப எல்லாரும் க்ரேதான்ப்பா அடிக்கறாங்க" என்றாள். சரிம்மா. போகிறபோக்கில் எதிர்வீட்டுக்காரர் ஏதோ நீலம் என்றார். அதற்கும் ஒரு சரி. இந்தத் தலையாட்டியை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடும்பம் நடத்துவது என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் அவள் வேலை விட்டு வந்து பார்த்தால், வாசலில் ஒரு பெயிண்ட் டப்பா ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அடர் ப்ரவுன்.

"அக்கா ஆசையா வாங்கிட்டு வந்தாங்க" என்றார் கணவர். "வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்கல்ல?"

"அப்ப என் மனசு? அது என்ன, இரும்புலயா செஞ்சிருக்கு?"

"சரி சரி, கத்தாத."

"எல்லாத்துக்கும் ஒரு சரி!" என்று பையை விட்டெறிந்தாள். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தட்டில் சாப்பாடு விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் பெயிண்டர் வருவதற்கு முன்னாலேயே நாத்தனார் வந்துவிட்டாள். நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், மேற்பார்வைக்காம். பெயிண்டர் யாரையும் கேட்கக் காத்திருக்கவில்லை, டப்பாவை நெம்பி மூடியைத் திறந்தார். ஷேடு அக்கா எட்டிப் பார்த்தாள். மூடியில் ஒட்டியிருந்த கலர் மாதிரியையும் உள்ளே இருந்த பெயிண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"மூடியில இருக்கறதவிட உள்ள சிவப்பு தூக்கலா இருக்கு. ரிஜக்ட். மூடுங்க."

"என்னம்மா இது?" என்றாள் நாத்தனார். "நாலு காசு போட்டு வாங்கிட்டு வந்தவ நான். என்னைப் பார்த்தா எப்படி இருக்கு உனக்கு?"

"உங்கள ரிஜக்ட் பண்ணல அண்ணி. பெயிண்டத்தான்."

மகள் சிரித்துவிட்டாள். கணவர் தரையில் எதையோ தேடினார். பெயிண்டருக்குப் பொறுமை போய்விட்டது. "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. எனக்கு இன்னொரு வீடு கெடக்கு" என்று பையிலிருந்து கலர் கார்டை எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். இருநூறு கலருக்குக் குறையாது. ஒவ்வொன்றும் விரல் நகம் அளவு. தெற்கே திருப்பினாள், வடக்கே திருப்பினாள், சாய்த்துப் பிடித்தாள், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. கடைசியில் தலை நிமிராமலே கேட்டாள்.

"சாம்பிள் எங்க?"

"என்ன சாம்பிள்?" என்றார் பெயிண்டர்.

"எதோட ஒத்துப் பாக்கறது?"

"எதோடயும் ஒத்துப் பாக்க வேணாம்மா. உங்களுக்குப் புடிச்சதச் சொன்னாப் போதும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் துணி அவள் கண்முன்னால் போயிருக்கும்! இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறார்கள். இது நல்லாயிருக்கா என்று ஒரு நாய்கூடக் கேட்டதில்லை. ஆறு வாரமாகக் கதவுக்காக ஊரைக் கூட்டிச் சண்டை போட்டாளே, எந்தக் கலருக்காக? யோசித்துப் பார்த்தால் அப்படி ஒரு கலரே அவளிடம் இல்லை. அழுகை வந்தது. அதைவிட அதிகமாக, தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"எனக்குத் தெரியல" என்றாள்.

இதற்காகவே காத்திருந்ததுபோல நாத்தனார் எழுந்தாள். "அதான் அப்பவே சொன்னேன். பேசாம ப்ரவுன அடிச்சு விடுங்க பெயிண்டர்." கணவர் வாயைத் திறந்தார்.

"சரின்னு மட்டும் சொன்னீங்கன்னா, நடக்கறதே வேற!" என்றாள் அவள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, நீ அந்தக் கடைசிப் பக்கத்தையே நாலு தடவை திருப்பிட்ட."

"எந்தப் பக்கத்த?"

"மஞ்சள் பக்கம்."

மஞ்சளா! கம்பெனியில் மஞ்சள் லாட் வந்தால் அவளுக்கு அன்றைக்கு முழுக்க மண்டையிடி. விளக்குக்கு ஒரு முகம், வெயிலுக்கு ஒரு முகம் காட்டும் கலர். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். மூன்றாவது வரிசையில் பழுத்த எலுமிச்சம்பழ மஞ்சள் ஒன்று இருந்தது. பார்க்கப் பார்க்க மனசுக்குள் என்னவோ லேசாக இருந்தது. இதுதான் பிடிக்கிறது என்பதா? அப்படித்தான் இருக்க வேண்டும். விரலை வைத்தாள்.

"வாசக்கதவுக்கு மஞ்சளா!" என்று நாத்தனார் நெஞ்சில் கை வைத்தாள். அவளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

அன்றைக்கே கடைக்குப் போய்க் கலந்து வாங்கி வந்து ஒரு கோட்டிங் ஆயிற்று. வெள்ளை திட்டுத்திட்டாகத் தெரிந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டாவது கோட்டிங். அவள் கம்பெனிக்குப் போயிருந்தாள். நாள் பூராவும் நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பினாள். பத்து வீடு தள்ளி வரும்போதே கதவு கண்ணைக் குத்தியது.

அவளுக்கா தெரியாது? ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நகம் அளவில் சாதுவாக இருந்த மஞ்சள், ஆள் உயரக் கதவில் ஏறி நின்றுகொண்டு கூச்சல் போட்டது. துண்டுத் துணி பார்த்தே பழகிய கண்ணுக்கு, பெரிசாகும்போது கலர் ஏறும் என்பது தோன்றாமல் போய்விட்டது. ஒரு படி குறைத்து எடுத்திருக்க வேண்டும்.

வாசலில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். நாத்தனார் வழக்கமில்லாத வழக்கமாக மெதுவாகக் கேட்டாள். "நீயே சொல்லும்மா, நல்லாவா இருக்கு?"

"இல்ல அண்ணி. ஒரு ஷேடு கூடிப்போச்சு."

கணவர் முகம் மலர்ந்தது. "அப்ப நாளைக்கே பெயிண்டர வரச்சொல்லி அந்த ப்ரவுன..."

"கைய வெச்சுப் பாருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "நல்லா இல்லன்னு எனக்கும் தெரியுது. அடுப்பு மேடையை என் நெஞ்சு உயரத்துக்குக் கட்டி வெச்சிருக்கீங்க, குடி வந்த நாள்லேருந்து எக்கி எக்கி நின்னு சமைக்கறேன். அத இடிங்கன்னு நான் கேட்டேனா? இந்த வீட்டுல உங்க எல்லாரோட தப்பும் சௌக்கியமா உக்காந்திருக்கு. என்னோடது ஒண்ணே ஒண்ணு வாசல்ல நிக்கட்டும்."

கணவர் திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். மேடை உயரத்தைப் பற்றி அவள் சொல்லி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.