இல்லை என்று சொல்லத் தெரியாதவர்

“அந்த லாட்ஜா? வாங்க, பாத்துடலாம்” என்று சொல்லும்போதே நாகபூஷணம் நடக்கத் தொடங்கியிருப்பார். பின்னால் இரண்டு பெட்டிகள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மூன்று தலைகள், தோளில் தூங்கும் ஒரு குழந்தை. அந்த லாட்ஜ் எங்கே என்று அவருக்கும் தெரியாது. முதல் முனையில் பூக்கார அம்மாவைத் தமிழில் கேட்பார். அடுத்த முனையில் ஆட்டோக்காரரைத் தெலுங்கில் கேட்பார். வாசலில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். திருப்பதியில் வழி தெரியாதவர்களுக்குப் பஞ்சமா? அவரும் தினமும் அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதம்.

வயது நாற்பத்து மூன்று. நகரியிலிருந்து காலை பஸ். சட்டைப் பையில் பழைய டிக்கெட்டுகள் கற்றையாக இருக்கும். அவற்றின் முதுகில்தான் குறிப்பெழுதுவார். மனைவி சுலோசனா சொல்வது: “சக்கர கீதான்னு கேட்டா, காலி டப்பாவக் கையில வெச்சிக்கினே ‘இருக்கும் பாரு’ன்னுவாரு. ரெண்டு பாஷ தெரியும். ரெண்டுலயும் ‘இல்ல’ வராது.”

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஐந்து பேர் கொண்ட கம்பெனி. அதில் சர்வர் அவர் பொறுப்பு. மாம்பழக் காலத்தில் கூழ் ஆலை ஒன்றின் வாசலில் டிராக்டர்கள் மைல் கணக்கில் நிற்கும். அந்த வரிசைக்கு டோக்கன் கொடுக்கும் ஆப் இவர்களுடையது. விவசாயியின் வாட்ஸப்புக்கு ஒரு லிங்க் வரும். தொட்டால் அவருடைய எண்ணும், உள்ளே போகும் எண்ணும் தெரியும். முறை வந்தால் பக்கம் பச்சையாகும். பச்சையைக் காட்டினால்தான் கேட் திறக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆயிரம் லிங்க் இருந்தாலும் சர்வரில் இருப்பது ஒரே ஒரு பக்கம். அது போனுக்குப் போய்ச் சேர்ந்ததும், வந்த முகவரியைத் தானே படித்து அந்த ஆளின் டோக்கனைக் காட்டிக்கொள்ளும். முகவரிக்கும் பக்கத்துக்கும் நடுவே மிடில்வேர்கள் எனும் குட்டி நிரல்கள் வரிசையாக நிற்கும். நாகபூஷணம் அவற்றை ஆட்கள் என்பார்.

“மொத ஆளு யாரு வந்தாங்கன்னு எழுதிக்குவான். ரெண்டாவது ஆளு, படம் கிடம் கேட்டா எடுத்துக் குடுப்பான். மூணாவது ஆளுகிட்ட டோக்கன் நம்பரு. இவுங்க யாருக்கும் தெரியலன்னா கடைசில ஒருத்தன் நின்னுக்கினு இருப்பான். எவன் இன்னா கேட்டாலும் ‘உள்ள வாங்க’ன்னு நம்ம பக்கத்தக் குடுத்துடுவான்.” அந்தக் கடைசி ஆளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் கனியும், சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்வதுபோல.

போன ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலையில் வந்ததும் ஆப்பின் புதுப் பதிப்பை ஏற்றினார். பதினோரு மணிக்கு போன் வந்தது. விஜயபுரம் விவசாயி சிவசங்கரன், ஆலை வாசலிலிருந்து.

“இன்னாபா, உங்க ஆப்பு சுண்ணாம்படிச்ச செவுரு மாரி வெள்ளையா கீது? நானூத்திப் பத்து உள்ள போய்க்கினு கீறான். என்து நானூத்திப் பதினேழு. வுட்டா கடைசிக்குப் போவணும், இன்னும் ரெண்டு நாளு. அடியில கீற காயி இப்பவே தண்ணி வுடுது.”

“இருங்கண்ணா, வந்துடும்” என்றார், வழக்கம்போல.

திரையில் சர்வரின் பதிவேடு ஓடியது. வரிக்கு வரி பச்சை. “எல்லாம் நல்லாத்தான போய்க்கினு கீது?” என்று அதையே கேட்டார்.

பக்கத்து நாற்காலி உருண்டு வந்தது. பிரியங்கா, அந்த ஒற்றைப் பக்கத்தை எழுதியவள்.

“அண்ணா, டோக்கன் நம்பர் இருக்கிற அட்ரஸ காலைல மாத்துனீங்களா?”

“மாத்தினேன்மா.”

“பழைய பக்கத்தத் தொறந்து வெச்சிருக்கிற போனெல்லாம் பழைய அட்ரஸ்லதான் நம்பர் கேட்டுக்கினு இருக்கும். உங்க சர்வர் இன்னா சொல்லுது?”

அவர் இழுத்தார். “உள்ள வாங்கன்னு…”

“நம்பர் கேட்டவனுக்கு வாசக்கதவக் கழட்டிக் குடுத்தா அவன் இன்னா பண்ணுவான்? இல்லன்னு ஒரு வார்த்த வந்தா என் பக்கம் தானா புதுசாத் தொறந்துக்கும். அதுக்குன்னே எழுதி வெச்சிருக்கேன். நீங்கதான் வாயத் தொறந்து சொல்ல மாட்டேன்றீங்களே!”

போனில் சிவசங்கரனின் குரல்: “நானூத்திப் பதினாலுபா!”

நாகபூஷணம் தட்டினார். கடைசி ஆளுக்கு முன்னால் புதிதாக ஓர் ஆள். நம்பர் கேட்டு வந்து முகவரி தவறினால், அங்கேயே மறுத்துவிடுவான். ‘மன்னிக்கவும், தாங்கள் கேட்டது’ என்று பதிலை எழுத ஆரம்பித்தபோது பிரியங்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அண்ணா! படிக்கப் போறது போனு. ‘இல்ல’ன்றதுக்கு 404ன்னு போட்டா போதும்.”

அழித்தார். வெறும் 404 என்று அடித்தார். ஏற்றினார்.

பதிவேட்டில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது. அவர் முகம் சுருங்கியது. அதன் கீழேயே பச்சை வந்தது. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. காய்த்த மிளகாய்ச் செடி மாதிரி திரை நிறைந்தது.

“வந்துச்சுபா! பதினாறுக்குப் பின்னாலயே நிக்கறேன். இரு… பச்ச ஆயிடுச்சி!” அதற்குமேல் டிராக்டர் சத்தம்தான் கேட்டது.

“பாத்தீங்களா? ஒரு தடவ இல்லன்னதுக்கு ஒண்ணும் ஆயிடல. வெளியிலயும் கொஞ்சம் பழகுங்கண்ணா” என்றாள் பிரியங்கா.

சாயங்காலம் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். நகரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு பெரியவர், கையில் தகரப் பெட்டி, ஏதோ ஒரு சத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். நாகபூஷணம் பிரியங்காவைப் பார்த்தார்.

“தெரியாதுங்க.”

“சபாஷ்ணா!” என்றாள் அவள்.

இருவரும் பத்தடி நடந்தார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். நாகபூஷணம் சாப்பாட்டுப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார்; பெரியவரின் கையிலிருந்து தகரப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.