என் சான்றிதழின் கீழே நின்ற அஞ்சலை

செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். கரும்பலகையில் "பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்" என்று எழுதி, 'நேரடி' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன். கச்சிராயபாளையத்து மெடிக்கல் கடை முதலாளியிடமிருந்து போன். வராண்டாவுக்கு வந்து எடுத்தேன்.

"சார், நம்ம அஞ்சலை போயிட்டாங்க சார். காலையில கடையத் தொறந்து நல்லாத்தான் நின்னுகினு இருந்தாங்க. நெஞ்ச அடைக்குதுன்னாங்க. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டும்போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வேற ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். உங்க சர்டிபிகேட்டு அப்டியே இருக்கட்டும், இன்னா சார்?" என்றார்.

நான் "சரி" என்றேன்.

பதினோரு வருடம் எனக்குப் பதிலாக நின்ற ஒருவர் இறந்த செய்திக்கு என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். வகுப்புக்குத் திரும்பிப் போய் மீதிப் பாடத்தையும் நடத்தி முடித்தேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் அஞ்சலையை அறிந்தவர்கள் ஏராளம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் என் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கடையில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழில், அடர்ந்த மீசையோடு ஒரு இருபத்து மூன்று வயதுப் பையன் முறைத்துக்கொண்டிருப்பானே, அது நான்தான்.

மருந்துக் கடை என்றால் மருந்தாளுநர் படிப்பு படித்துப் பதிவு செய்த ஒருவர் கடையில் இருக்க வேண்டும். இது சட்டம். அவருடைய சான்றிதழ் மட்டும் கடையில் தொங்கும், அவர் வேறு எங்காவது இருப்பார், மாதம் ஒரு தொகை அவர் வீடு தேடி வந்துவிடும். இது வழக்கம். நான் சின்னசேலம் பக்கம் ஒரு கல்லூரியில் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன், கச்சிராயபாளையத்தில் வழக்கத்தைக் கடைப்பிடித்தேன். இரண்டுக்கும் நடுவே பைக்கில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் ஒரு நாளும் எனக்கு மனசு உறுத்தியதில்லை.

அஞ்சலை அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தது பெருக்கித் துடைக்க. கரும்பு வெட்டப் போகும் குடும்பம். சங்கராபுரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார். அட்டைப்பெட்டிகளை அடுக்கி அடுக்கியே மருந்தின் பெயர், அளவு, கெடும் நாள் எல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இரண்டே வருடத்தில் முதலாளி அவரைக் கவுண்ட்டரில் நிறுத்திவிட்டார். சட்டப்படி அங்கே நின்றிருக்க வேண்டியவன் நான்.

சில மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அஞ்சலை அதை முத்து முத்தாக எழுதுவார். மாதக் கடைசியில் நான் போய் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்தை இறைத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு முறையும் அவர் சொல்வார்: "படிச்சிட்டுப் போடுங்க சார்." நான் படித்ததில்லை. டீ ஆறிவிடுமே.

ஒரு மாதம் போனபோது ஹெல்மெட்டைக் கழற்றாமல் கடைக்கு வெளியே நின்றேன். கரும்பு வெட்டு மேஸ்திரி ஒருவர் கவுண்ட்டரில் அஞ்சலையிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்களுக்கு உடம்பு வலி, முகம் உப்பிப்போகிற அந்த ஸ்டீராய்டு மாத்திரையையும் வலி மாத்திரையையும் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டுமாம். எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்களாம்.

அஞ்சலை குரலை உயர்த்தவே இல்லை. என் படத்தைக் காட்டினார். "மேல பாருங்க. அவரு ரொம்பக் கண்டிப்பு. டாக்டர் சீட்டு இல்லாம ஒரு மாத்திரை வெளிய போச்சின்னா என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாரு. எனக்கு இன்னாங்க, அவரு வுட மாட்டாரு."

மேஸ்திரி என் படத்தை நிமிர்ந்து பார்த்தார். முனகிக்கொண்டே போய்விட்டார். நான் ஹெல்மெட்டைக் கழற்ற இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். உள்ளே போனதும் அஞ்சலைக்கு வெட்கமாகிவிட்டது. "உங்க பேரச் சொன்னாத்தான் சார் கேக்கறாங்க. நான் சொன்னா யாரு கேப்பாங்க?" என்றார். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

இன்னொரு மாதம். எங்கள் கல்லூரியில் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்திருந்தது. எல்லாருக்கும் அட்டை வந்துவிட்டால் ஏழைக்கு மருத்துவச் செலவே இருக்காது என்று நான் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். அந்தச் சூடு ஆறாமல் கடைக்குப் போனேன். வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊரிலிருந்து சின்னப்பையன் என்பவர் வந்திருந்தார். பெயர்தான் சின்னப்பையன், வயது அறுபது இருக்கும். காப்பீட்டு அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மடியில் முடிந்து வைத்திருந்தார். அதை எடுத்துக் கவுண்ட்டரில் வைத்து, மனைவியின் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கேட்டார். அட்டை இருக்கிறது, மாத்திரை இனாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

அஞ்சலை அட்டையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "இது படுக்கறவங்களுக்குங்க. ஆஸ்பத்திரியில சேந்து படுத்தாத்தான் செல்லும். நின்னுகினு கேட்டா செல்லாது." பிறகு மலை மேலேயே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை சும்மா கிடைக்கும், எந்தக் கிழமை போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கடைக்கு ஒரு வியாபாரம் போனது. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சும்மா இருக்காமல் என் கருத்தரங்குப் பேச்சை எடுத்து விட்டேன். அரசு எவ்வளவு பிரீமியம் கட்டுகிறது, எத்தனை பெரிய அறுவை சிகிச்சைக்கெல்லாம் வழி இருக்கிறது என்று அடுக்கினேன். அஞ்சலை பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிதான் சார். ஆனா நிக்கிறவனுக்கே மாத்திரைய ஒழுங்கா குடுத்தா அவன் எதுக்குப் படுக்கப் போறான்? படுக்க வெக்கறதுக்குத்தானே ஜாஸ்தி செலவு?" என்றார். என் இருபது நிமிடப் பேச்சில் அந்த ஒரு கேள்வி இல்லை. பதிவேட்டை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன்.

இதுவரை சொன்னவை சங்கடங்கள். இனிச் சொல்லப்போவது நான் செய்த தப்பு.

மருந்து ஆய்வாளர் ஒரு நாள் திடீரென்று கடைக்கு வந்தார். முதலாளி பதறிக்கொண்டு போன் செய்தார். அரைமணி நேரப் பாதையை இருபது நிமிடத்தில் ஓட்டிக்கொண்டு போய் நின்றேன். ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு சுத்தமான பதிவேட்டைச் சமீபத்தில் பார்த்ததில்லை என்றார். "இதெல்லாம் நீங்கள் எழுதியதா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

"அப்படியானால் நான் வந்தபோது கவுண்ட்டரில் நின்ற இந்த அம்மா யார்?"

"பெருக்குகிறவர் சார். நான் சாப்பிடப் போயிருந்தேன். எனக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்."

அஞ்சலை என்னைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட இருக்காது. பிறகு ஆய்வாளரிடம் திரும்பி, "ஆமாங்க. சார் சாப்பிடப் போயிருந்தாரு. நான்தான் கேக்காம எடுத்துக் குடுத்துட்டேன். தப்புதாங்க" என்றார். அதை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார் ஆய்வாளர். அதே முத்து முத்தான கையெழுத்து. பதிவேட்டைப் பக்கத்திலேயே வைத்திருந்த ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பார்த்துவிடுவாரோ என்று நான் பதிவேட்டை மெல்ல மூடித் தள்ளி வைத்தேன்.

என் சான்றிதழ் தப்பித்தது. அஞ்சலையை முதலாளி நிறுத்திவிட்டார். பத்து மாதம் அவர் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குத் தோல் சீவினார். அந்தப் பத்து மாதமும் பதிவேட்டில் வேறொருவரின் கோழிக் கிறுக்கல். சீட்டில்லாமல் விற்றுவிட்டு எல்லா வரியிலும் ஒரே டாக்டர் பெயரை எழுதியிருந்தார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். மலைக்காரர்கள் கடைக்கு வந்து அஞ்சலை இல்லையென்றதும் திரும்பிப் போனார்கள். அதனால்தான் முதலாளி அவரை மறுபடியும் கூப்பிட்டார். என் சிபாரிசில் என்று நினைத்துவிடாதீர்கள்.

திரும்பி வந்த முதல் மாதம், கையெழுத்துக்காகப் பதிவேட்டை என் முன்னால் வைத்தார். நான் வழக்கம்போல் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போனேன். நடுவில் வேறு ஒரு தாள். அதன் மேலும் போட்டுவிட்டேன். அஞ்சலை சிரித்துவிட்டார். "படிச்சிட்டுப் போடுங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? சரி வுடுங்க, அட்டெஸ்டேஷனும் ஆயிடுச்சி" என்றார்.

அது அவருடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ். இயற்பியல், வேதியியல், உயிரியல், மூன்றிலும் நல்ல மதிப்பெண்.

"உங்க காலேஜில நான் சேர முடியுமா சார்? ரெண்டு வருசம் கஷ்டப்பட்டுப் படிச்சிடுவேன். எனக்குன்னு ஒரு சர்டிபிகேட் இருந்துதுன்னா திருடியாட்டம் நிக்க வாணாம் பாருங்க."

ஆய்வாளர் வந்த அன்று நடந்ததைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரே ஒரு முறைதான். அதுவும் என்னைக் குற்றம் சொல்லாமல். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு "கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அடுத்த மாதம் போய், "வயது வரம்பு தாண்டிவிட்டதம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படிப்புக்கு மேல் வயது வரம்பு கிடையாது. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. சேர்க்கைக் குழுவில் நானே இருக்கிறேன். அவருடைய சான்றிதழ் அந்தச் சுவருக்கு வந்தால் என்னுடையது இறங்கிவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை.

"பரவால்ல சார். நான்தான் லேட்டா கேட்டுட்டேன்" என்றார் அஞ்சலை. டீ சொல்லி அனுப்பினார்.

செய்தி வந்த மறுநாள் சாவுக்குப் போனேன். அவருடைய வீட்டு வாசலில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலையின் கைப்பை ஆணியில் தொங்கியது. அதிலிருந்து அவருடைய மகள் எதையோ தேடி எடுத்தபோது காப்பீட்டு அட்டையும் வெளியே வந்தது. புத்தம் புதிதாக இருந்தது. அவர் ஒரு நாளும் படுத்ததில்லை.

கூட்டத்தில் சின்னப்பையன் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த மனைவியிடம், "இவருதான்டி. மெடிக்கல்ல போட்டோவுல இருக்கிறவரு" என்றார். அந்த அம்மாள் திடுக்கிட்டு, "அவரு செத்துப்போனவருன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்றார். மாலை போடாத குறைதான், அவர் நினைத்ததில் தப்பில்லை. பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சலை சொல்லிகினே இருக்கும்ங்க. எங்க சாரு கண்டிப்பானவரு, கண்ட மாத்திரையும் குடுக்க வுட மாட்டாருன்னு. என் மவனுக்கு ஒடம்பு வலி பொட்டலம் கேட்டு அழுதேன், குடுக்கல. உங்களத் திட்டினேங்க அப்ப. அந்தப் பொட்டலம் தின்னு கிட்னி போன பசங்க எங்க ஊர்ல இருக்கானுங்க. என் மவன் நல்லா இருக்கான். நீங்க நல்லா இருக்கணும்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். கூட்டமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அஞ்சலை உள்ளே படுத்திருந்தார். நான் கைகூப்பினேன். அந்த அம்மாளின் நன்றியையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சான்றிதழைக் கழற்றினேன். "இன்னா சார் இது, நேத்துதான சரின்னீங்க?" என்றார் முதலாளி. நேற்றுச் சொன்னது தப்பு என்றேன். கடை ஒரு வாரமாக மூடிக்கிடக்கிறது என்று கேள்வி. இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அஞ்சலை உயிரோடு இருந்தபோது செய்திருந்தால் அது ஒரு செயலாக இருந்திருக்கும்.

அவரை அறிந்தவர்களே, உங்களுக்கு மருந்து கொடுத்தது அஞ்சலை. உங்களுக்குக் கொடுக்க மறுத்ததும் அஞ்சலைதான். அந்தக் கண்டிப்பானவர் நான் இல்லை, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. என்னிடம் இல்லாத ஒன்றை என் பெயரில் வைத்து அவர் உங்களைக் காப்பாற்றினார்.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஜெராக்ஸ் தாள் மட்டும். மூன்று வருடமாகக் கல்லூரி மேசையில் பூட்டி வைத்திருந்தேன், அவரும் திருப்பிக் கேட்கவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன். மேலே அவர் பெயர், நடுவில் மதிப்பெண்கள். கீழே, இந்தப் படிப்புக்கு இவருக்குத் தகுதி உண்டு என்று சான்று சொல்வதுபோல், என் கையெழுத்து. இந்த முறை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அந்தக் கையெழுத்துக்கு வந்தேன்.